மாடி அறைக்கு மட்டும் வேண்டாம்

"ஹாலுல டிவிக்கு வந்தா போதும் தம்பி. மாடி ரூமுக்கு மட்டும் வைஃபை எட்டவே கூடாது" என்றாள் மாமியார், ரவுட்டர் பொருத்த வந்தவரிடம்.

"மாடியில யாரும்மா இருக்காங்க?"

"என் மருமக. ஒரு புள்ளிகூட அங்க காட்டக்கூடாது. அதுக்கேத்த மட்டமானதாப் பார்த்து மாட்டு."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய அக்காவும் இப்படி ஒரு மாமியாரிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு, மாமியார் குளிக்கப் போனதும், தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ரவுட்டரை மாடி அறை வாசலுக்கு நேராக மாட்டினார்.

சற்று நேரத்தில் மருமகள் ஆபீசிலிருந்து வந்தாள்.

"போனைக் குடுங்க மேடம், பாஸ்வேர்டு போட்டுத் தரேன்" என்று வாங்கிப் போட்டுக் கொடுத்தவர், "யார் தடுத்தாலும் இனிமே உங்க ரூம்ல நெட் பறக்கும்" என்றார் ரகசியமாக.

திடுக்கிட்டு அறைக்குள் ஓடிப் போனைப் பார்த்தவள் அலறினாள். "அத்தை! நீங்க இவர்கிட்ட சொல்லலையா?"

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடி!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், நான் உங்களுக்கு நல்லதுதானே..."

"நல்லதா? என் ரூம்ல டவரே எடுக்காதுங்க. அதனாலதான் வீட்டுக்கு வந்தப்புறம் மேனேஜர் தொல்லை இல்லாம இருந்தேன். அது கெட்டுடக் கூடாதுன்னு அத்தைகிட்ட சொன்னதே நான்தான்!"

சொல்லி முடிப்பதற்குள் போன் அலறியது. பதற்றத்தில் விரல் பட்டு வீடியோ கால் திறந்துகொண்டது.

திரை முழுக்க மேனேஜர். "அடடே, படம் கண்ணாடி மாதிரி இருக்கேம்மா! இனிமே லீவு நாள்லயும் மீட்டிங் வச்சுக்கலாம்."