கழலாத திருகாணி

“மிஷினை எடுத்துட்டுப் போக முடியாதும்மா. திருகாணி துருப்பிடிச்சு மேசையோட ஒட்டிக்கிச்சு. கிஸ்மிஸை இங்க கொண்டாந்து நீயே சுத்திக்க” என்றாள் அமலம்மாள், இரவல் கேட்டு வாசலில் நின்றவளிடம்.

பொய். அதுவும் கிறிஸ்மஸ் நெருங்குகிற நேரத்தில், சுவரில் மாதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்ன பொய். பண்டிகைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டால் போச்சு என்று துணிந்துவிட்டாள்.

அது கிஸ்மிஸில் கொட்டை எடுக்கிற இரும்பு மிஷின். மேலே பழத்தைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் சதை ஒரு பக்கம் வரும், கொட்டை மறுபக்கம் கிண்ணத்தில் விழும். அமலம்மாள் சமையல் வேலை பார்த்த வீட்டுத் துரைசானி, சீமைக்குக் கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போனது. பினாங்கில் சூலியா தெருப் பக்கம் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. டிசம்பர் வந்தால் கேக் போடுகிற வீடுகளெல்லாம் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். மிஷின் ஊர் சுற்றும். அமலம்மாள் வீட்டில் இருப்பாள். ஒருத்தியாவது வாசற்படி தாண்டி உள்ளே வந்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டதில்லை. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி!

அதனால்தான் இந்த வருஷம் இந்தத் துரு. ஆனால் பலிக்கவில்லை. “இங்க வந்து உட்கார யாருக்கு நேரம்? கத்தியாலயே கீறிக்கிறோம் லா” என்று எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

சரி என்று தலையாட்டியவள் சவுந்தரம் ஒருத்திதான். நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகிப் புதிதாகப் பினாங்குக்கு வந்த பெண். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தாள். புருஷன் மைக்கேலுக்குத் துறைமுகத்தில் வேலை.

தினமும் சாயங்காலம் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

“இன்னிக்கும் இத்துனூண்டுதானா? மொத்தமா கொண்டாந்தா ஒரே மூச்சுல முடிச்சிடலாமே?” என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் அமலம்மாள்.

“வாங்கி வச்சா எறும்பு வந்துடுது பெரியம்மா. அதான் கொஞ்சம் கொஞ்சமா வாங்குறேன்.”

“அதுவும் சரிதான், சரிதான்!”

சவுந்தரம் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவாள். இந்தப் பக்கம் அமலம்மாள் கோப்பி கலந்து கொடுத்துவிட்டு, வருஷக்கணக்கில் பூட்டி வைத்த வாயைத் திறந்துவிடுவாள்.

“ஒரு தடவை துரைசானி, நானே கேக் போடுறேன்னு வந்து சர்க்கரைன்னு நினைச்சு உப்பைப் போட்டுட்டா. துரை வாயில வச்சாரு பாரு, அந்த மூஞ்சியை நீ பார்த்திருக்கணும்!”

“அய்யோ! அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரொம்ப நல்லாருக்குன்னு முழுசாத் தின்னாரு. பாவி மனுஷன்!”

சவுந்தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போகும்போது கொட்டைக் கிண்ணத்தை அவளே கொல்லைக்கு எடுத்துப் போய்க் கழுவியும் வைப்பாள். “நீங்க உட்காருங்க பெரியம்மா, இதுக்கெல்லாம் எழுந்துக்கிட்டு!”

நல்ல வளர்ப்பு என்று அமலம்மாள் மெச்சிக்கொண்டாள். கூடவே மனசுக்குள் கணக்கும் போட்டாள். ஒரு கேக்குக்கு எவ்வளவு கிஸ்மிஸ்தான் வேண்டும்? இன்றோ நாளையோ தீர்ந்துவிடும். அப்புறம் இவளும் வரமாட்டாள்.

அன்றைக்குச் சவுந்தரம் பாதிப் பொட்டலம் சுற்றியிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தான் வண்டிப் பட்டறை முனுசாமி. கையில் சுத்தியல், எண்ணெய்க் குப்பி.

“என்னக்கா, மிஷின் ஒட்டிக்கிச்சாமே? எனக்குச் சொல்லியனுப்பக் கூடாதா? ரெண்டு தட்டு தட்டினா கழண்டுடும்.”

“வேணாம் தம்பி! மேசை போயிடும்!” பதறினாள் அமலம்மாள்.

“ஆமாண்ணே, விட்டுடுங்க. எனக்கு இங்க வர்றதுல ஒரு சிரமமும் இல்லை” என்றாள் சவுந்தரமும் அவசரமாக.

“நீ சும்மா இரும்மா. தெருவைத் தாண்டித் தாண்டி எத்தனை நாளைக்கு வருவே?”

முனுசாமி குனிந்து திருகாணியை விரலால் திருகினான். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சுத்தியலுக்கு வேலையே இல்லை.

“எங்கக்கா துரு? புதுசாட்டம் இருக்கே!”

அமலம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் சவுந்தரத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிருந்தது. பொய் சொல்லி நம்மை அலையவிட்டாளே இந்தக் கிழவி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், நியாயந்தானே.

“வாம்மா, உன் வீட்டு மேசையிலேயே மாட்டித் தர்றேன்.” முனுசாமி மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

சவுந்தரம் மெல்ல எழுந்தாள். பிறகு, “வர்றேன் பெரியம்மா” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே போய்விட்டாள். பொட்டலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சவேரியார் கோயிலில் சாயங்கால மணி அடித்தது. சிலுவை போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள் அமலம்மாள். மானமும் போச்சு, பேச்சுத்துணையும் போச்சு. இனி இந்த வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள்? கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அழுது முடித்துவிட்டு எழுந்தாள். கிண்ணம் இன்றைக்குக் கழுவாமல் அந்தப் பக்கமே கிடந்தது. கொட்டையையாவது எறிந்துவிட்டு வருவோம் என்று கையில் எடுத்தாள்.

உள்ளே ஒரு கொட்டைகூட இல்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த கிஸ்மிஸில் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். இன்னொன்றையும் கடித்தாள்.

கொட்டையே இல்லாத கிஸ்மிஸை வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெண் தினமும் இங்கே கொட்டை எடுக்க வந்திருக்கிறாள்.