ஒரு சான்றிதழ் குறையுது

"இன்னிக்காவது நகராட்சி ஆபீசுக்குப் போனியா உம்மா?"

ஸுஹ்ரா மாவு பிசையும் கையை நிறுத்தவில்லை. "கம்ப்யூட்டர் ஓடலையாம். நாளைக்கு வரச் சொன்னாங்க."

"நேத்து ஆபீசர் லீவுன்னே. முந்தாநாள் தலைவலின்னே. வியாழக்கிழமை கடைசித் தேதி, ஞாபகம் இருக்கா?"

"இருக்குடி. சும்மா நச்சரிக்காதே."

மகள் யுஸ்ராவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

தலைநகர் தூனிஸில் என்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. தந்தையை இழந்த பிள்ளைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. அது கிடைத்தால் ஐந்து வருஷமும் விடுதி, சாப்பாடு, புத்தகம் எதற்கும் கவலையில்லை. மதிப்பெண் பட்டியல், போட்டோ, ஆசிரியர் கடிதம் எல்லாம் தயார். பாபாவின் இறப்புச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

மீன்பிடிக்கப் போன பாபா கடலோடு போனபோது அவளுக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து உம்மா தனியாள். மருதாணி அரைக்கும் ஆலையில் பச்சைத் தூளோடு மல்லுக்கட்டி மகளைப் படிக்க வைத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு காகிதத்துக்கு ஏன் இப்படி இழுத்தடிக்கிறாள்?

பக்கத்து வீட்டு ராதியா கொளுத்திப் போட்டாள். "இதுகூடவா தெரியலை? நீ தூனிஸ் போயிட்டா இங்கே அவங்களுக்குத் துணை யாரு? அதான் விண்ணப்பம் போகக்கூடாதுன்னு பாக்கறாங்க."

"சீ, உம்மா அப்படி இல்ல" என்றாள் யுஸ்ரா. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் உம்மா வேலைக்குப் போனதும், தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு யுஸ்ராவே நகராட்சிக்குக் கிளம்பிப் போனாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பாபாவின் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி தட்டினாள்.

"இறந்துட்டார்னா சொன்னே?"

"ஆமாக்கா. பதினாறு வருஷமாச்சு."

"அப்படிப் பதிவே இல்லையே."

"நல்லாப் பாருங்கக்கா. கம்ப்யூட்டர்ல ஏதாவது தப்பா இருக்கும்."

அந்தப் பெண் ஒரு காகிதத்தை அச்செடுத்து நீட்டினாள். லஸ்ஸாத் என்ற பாபாவின் பெயருக்குப் பக்கத்தில் மூன்றே மூன்று வரிகள். ஸுஹ்ராவுடன் திருமணம். ஸுஹ்ராவிடமிருந்து விவாகரத்து. அடுத்த மூன்றாவது மாதமே பிஸெர்தா என்ற ஊரில் இன்னொரு திருமணம். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

"வேற யாரோட பேப்பரோ வந்திருக்குக்கா."

"உன் பிறப்புச் சான்றிதழ்ல இருக்கற அதே ஆள்தாம்மா." குரலைத் தாழ்த்தினாள் அந்தப் பெண். "அவர் உயிரோடதான் இருக்கார். வீட்ல சொல்லலையா?"

யுஸ்ரா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. 'உன்னைத் தோள்லேர்ந்து இறக்கவே மாட்டார்' என்று உம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாளே, அது யார்? இத்தனை வருஷம் தொழுகையில் தான் துஆ கேட்டது யாருக்காக?

வெயில் தலைக்கு மேல் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது, வேலை முடிந்து வந்த ஸுஹ்ரா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உன் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியில காணோம். நகராட்சிக்கா போனே?"

"ஆமா உம்மா."

"என்ன... என்ன சொன்னாங்க?"

செருப்பைக் கழற்றும் சாக்கில் யுஸ்ரா குனிந்துகொண்டாள். "அறக்கட்டளைக்கு வேணாம்னு விட்டுட்டேன். வர்ற வழியிலேயே பொது உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாச்சு. விடுதிக் கட்டணம் மட்டும் தருவாங்க. மத்ததுக்கு நான் ட்யூஷன் எடுத்துக்கறேன்."

"ஏன்டி? அந்தச் சான்றிதழ்?"

யுஸ்ரா நிமிர்ந்து உம்மாவின் கண்களைப் பார்த்தாள்.

"பழைய பதிவேடெல்லாம் மழைத் தண்ணியில நனைஞ்சு வீணாயிடுச்சாம் உம்மா. பாபா பேர் இருந்த பக்கத்தை யாராலயும் படிக்கவே முடியாதாம்."