குழாயடிக் கல்

“பணமில்ல தங்கச்சி. இந்த வருச ஒதுக்கீடு முடிஞ்சிருச்சி. அடுத்த வருசம் பாப்போம்” என்றார் பிரதேச சபைத் தவிசாளர் லக்ஸ்மன்.

போன வருடமும் இதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின வருடம் அவருக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருந்ததால் வாயால் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மேசைக்கு இந்தப் பக்கம் அனற் நெளிந்தாள். பக்கத்துக் கதிரையில் றேணுகா, பெண் பார்க்க வந்த வீட்டில் பலகாரத்துக்குக் காத்திருப்பவள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துக் குடிநீர்ச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

“ஐயா, சுகாதாரப் பரிசோதகரே தண்ணிய சோதிச்சிப் பாத்து ஈயம் இருக்குன்னு சொல்லிட்டாரு. வெள்ளக்காரன் காலத்து ஈயக் குழாய். அத மாத்தணும். அரசாங்கப் பணம் ஒங்க கையெழுத்து இல்லாம எங்களுக்கு வராது” என்றாள் றேணுகா.

“அதுவரைக்கும் கொதிக்க வச்சிக் குடிங்களேன்.”

“கொதிக்க வச்சா ஈயம் போகாதுங்க ஐயா.” அனற்றின் குரல் அவளை அறியாமலே உயர்ந்துவிட்டது. “ஏம் மக சிந்துஜாவோட ரெத்தத்துலயே ஈயம் ஏறிருச்சி. நேத்துப் படிச்ச எழுத்த இன்னக்கி மறந்துர்றா. அந்தத் தண்ணிய நிப்பாட்டுங்கன்னு டாக்டர் சொல்றாரு. எங்க லயத்து வீடுகளுக்கு வேற தண்ணி ஏது?”

தவிசாளர் உச்சுக் கொட்டினார். அவருக்கு உச்சுக் கொட்டுவது நன்றாகவே வரும்.

“கவலப்படாதீங்க. என் மனசு பூரா ஒங்க தோட்டந்தான்.”

“அது தெரிஞ்சுதானேங்க ஐயா, ஒங்க பேர்ல கல்லே வெட்டிட்டோம்” என்றாள் றேணுகா.

அனற்றுக்குத் தூக்கிவாரிப் போட்டது. றேணுகாவின் அண்ணன் சுவக்கின் கண்டியில் கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர். காலையில் அவரிடமிருந்து சாக்கில் சுற்றிய பாரம் ஒன்றை வாங்கி, இருவரும் பஸ்ஸில் மடி மாற்றி மடி வைத்துக்கொண்டு வந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, “பொறு, அங்க போய்ப் பாப்ப” என்று சொல்லிவிட்டாள். அது இதுதானா?

றேணுகா சாக்கை அவிழ்த்துக் கல்லை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். வழுவழுவென்ற கறுப்புக் கல். அதில் பொன் எழுத்துகள்: ‘தூய குடிநீர்த் திட்டம். மக்களின் தாகம் தீர்த்தவர் கௌரவ தவிசாளர் லக்ஸ்மன் அவர்கள்.’

தவிசாளர் எழுந்தேவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பாலம், பஸ் தரிப்பிடம், மலசலகூடம் என்று சபை எல்லைக்குள் எதைக் கட்டினாலும் அவருடைய பெயர்க் கல் பதிக்காமல் சீமெந்து காய்வதில்லை. ஆனால் இவ்வளவு லட்சணமான கல் இதுவரை வாய்த்ததில்லை.

“வேலயே தொடங்கல. அதுக்குள்ள கல்லா?”

“கல்லு மொதல்ல ஐயா. வெள்ளிக்கெழம முச்சந்திக் குழாயடியில நட்டுர்றோம். நல்ல தண்ணி வாறப்ப வரட்டும்.”

அனற்றுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிள்ளை விஷத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது, இவள் இந்த மனிதனுக்குச் சாமரம் வீசுகிறாள். இந்தக் கூத்துக்கா ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு வந்தோம் என்று பல்லைக் கடித்தாள். றேணுகாவின் சேலையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அவள் திரும்பவில்லை.

“அப்ப பணம் அடுத்த வருசம் வந்தாலும் பரவாயில்லதானே?” தவிசாளர் உச்சி குளிர்ந்துபோய்க் கேட்டார்.

“அது ஒங்க இஷ்டங்க ஐயா. பணம் குடுத்தாலும் குடுக்காட்டியும் நாங்க கல்ல நட்டுருவோம்.”

“தங்கமான சனம்” என்றார் தவிசாளர். “ரோட்டப் பாத்த மாதிரி நடுங்க. பஸ்ஸுல போறவங்க கண்ணுலயும் படணும்.”

“அதத்தான் கேட்டுட்டுப் போக வந்தோம். எந்தப் பக்கம் ரோட்டப் பாக்கணும்னு நீங்களே சொல்லிருங்க” என்று றேணுகா கல்லைத் திருப்பி வைத்தாள்.

பின்பக்கத்திலும் அதே பொன் எழுத்துகள்: ‘இந்தத் தண்ணீரில் ஈயம் உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். குழாய் மாற்றப் பணமில்லை என்றவர் கௌரவ தவிசாளர் லக்ஸ்மன் அவர்கள்.’

தவிசாளர் சட்டைப் பையைத் தடவுமுன் அனற் தன் பேனாவை நீட்டிவிட்டாள்.