வலி பதினாறு

இந்தோனேசியாவின் செமாராங் நகர ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் சுமார்னியின் மகன் கிடக்கிறான். மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்டவன். ரத்தம் எடுக்க டாக்டர் பஸ்கோரோ அவன் குதிகாலில் ஊசியைக் குத்துகிறார். புருவம் சுருங்குகிறது, கண்கள் இறுகுகின்றன, வாய் அகலத் திறக்கிறது. தொண்டையில் செயற்கை மூச்சுக்கான குழாய் செருகியிருப்பதால் அழுகைச் சத்தம் மட்டும் வரவில்லை. திரையில் இதயத்துடிப்பு தாவி ஏறுகிறது. முகத்தையும் திரையையும் பார்த்து, "வலி பதினாறு" என்கிறார் டாக்டர். நர்ஸ் எழுதிக்கொள்கிறாள். ரத்தம் போதவில்லை. அவர் அடுத்த காலைப் பிடிக்கப் போகிறார். பெட்டியின் வட்டத் துளை வழியாகச் சுமார்னி கையை விட்டு அந்தக் காலை மூடிக்கொள்கிறாள்.

"கையை எடுங்கம்மா."

"பதினாறுன்னா அதிகமா, கம்மியா?"

"இருபத்தொண்ணுக்குப் பதினாறு. அதிகம்தான்."

"தெரிஞ்சேதான் அடுத்த காலையும் பிடிக்கிறீங்களா? அப்புறம் எதுக்கு அளக்குறீங்க, வேடிக்கை பாக்கவா?"

"ரத்தம் பாக்காம மருந்து குடுக்க முடியாதும்மா."

"குத்தாதீங்கன்னு நான் சொல்லல. நாக்குல சர்க்கரைத் தண்ணி வெச்சா வலி குறையும்னு வெளிய சுவத்துல நீங்கதானே ஒட்டி வெச்சிருக்கீங்க? அது எங்க?"

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லம்மா."

"உங்க கால்ல குத்தியிருந்தா நேரம் இருந்திருக்கும்."

டாக்டரின் காது சிவக்கிறது. நர்ஸ் அலமாரியைத் திறந்து சின்னக் குப்பியை எடுத்துவந்து, குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு விடுகிறாள். டாக்டர் ஊசியோடு காத்து நிற்கிறார். சுருங்கிய புருவம் மெல்ல விரிகிறது. அதன்பிறகே சுமார்னி காலை விடுகிறாள். அந்தக் கையை மகனின் தலைமேல் கவித்துக்கொண்டு, டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறாள்:

"இப்பக் குத்துங்க. எத்தனைன்னு எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."