நிழல் அளக்கும் நாள்

முன்பனி விடைபெற்று, பின்பனி வந்து சேராத இடைப்பொழுது. வெயில் சினம் தணிந்திருந்தது. தெற்கே சாய்ந்த கதிரவன் அவசரமற்ற பெரியவரைப் போல நடந்துகொண்டிருந்தான். மரங்கள் ஓசை அடங்கி நின்றன. ஒவ்வொரு பொருளும் தன்னினும் நெடிய ஒன்றைக் காலடியில் கிடத்திவைத்து, அதனை வியந்து நோக்கும் பருவம்.

ஆகவேதான் நகராட்சி நிழல் வரியை இப்பருவத்தில் வைத்திருந்தது.

ஆண்டுக்கு ஒரு நாள். பள்ளிக்கூடத்தின் மாலை மணி ஒலிக்கும் கணத்தில், பொது மைதானத்தின்மேல் எந்த வீட்டின் நிழல் எத்தனை முழம் விழுகிறதோ, அத்தனை முழத்துக்கு அந்த வீட்டார் வரி கட்ட வேண்டும். வரி முழுவதும் பள்ளிக்கு.

தம் நிழலைத் தாமே குறிக்கக் கூடாது. பக்கத்து வீட்டார்தான் சுண்ணாம்புக்கோடு கிழிக்க வேண்டும். அதில் எவரும் எவருக்கும் அரை விரற்கடை விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகவே வீடுகள் குட்டையாயின.

ஓராண்டு கைப்பிடிச்சுவர்களை இடித்தார்கள். பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாமற்போனார். மறு ஆண்டு மாடிகளையே கழற்றினார்கள்; ஆய்வகம் பூட்டப்பட்டது. வாசலில் குனிந்து குனிந்து புகுந்ததில், பணிவுமிக்க ஊர் என்று வெளியூரில் நற்பெயர் மட்டும் கிடைத்தது.

இவ்வாண்டு ஆயிரம் முழம் தேறாவிட்டால் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை இல்லை.

அந்த ஆணை, நிழல் அளக்கும் அம்மாளின் கைப்பையில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவளும் அவளே. ஓவிய ஆசிரியரிடம் கொடுத்தபோது, அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் தந்து, அதன் பிறகுதான் பிரித்துப் படித்தார். அந்தத் தண்ணீர் இன்னும் அவள் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

மணிக்காக அவள் கடிகாரக்காரர் வீட்டெதிரே காத்து நின்றாள். ஊரிலேயே தாழ்ந்த வீடு அது. முதன்முதலில் சுவரிடித்தவரும், ஆண்டுதோறும் கால் முழத்துக்கு வழக்காடியவரும் அவரே.

இன்று அவர் கூரைமேல் ஏணி நிறுத்தி, அதன் உச்சிப்படியில் ஏறி, மடக்கிய குடையை வானோக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கிறுக்குப் பிடிச்சுதா? நிழல் நீளுதே, இறங்குங்க!” என்று பக்கத்துக் கூரையிலிருந்து மாவுமில்காரர் கத்தினார். அவர் தம் தொந்தி நிழல் தராதபடி குப்புறப் படுத்திருந்தார். தெரு முழுதும் அப்படித்தான் படுத்திருந்தது.

“நீளட்டும்யா. போன வாரம் பேத்திகிட்ட மணி என்னடீன்னு கேட்டேன். ‘ரெண்டு குச்சி சுத்துது தாத்தா, எந்தக் குச்சியைப் பாக்கணும்?’னு கேக்கிறா. கடிகாரக்காரன் பேத்தி! அதெல்லாம் மூணாம் வகுப்புலதான் சொல்லித் தருவாங்களாம்.”

“நீங்களே சொல்லிக் குடுத்தா ஆகாதா?”

“குடுத்தேனே. ரெண்டு பேரும் அழுததுதான் மிச்சம்.”

“ஏங்க, விழுந்து தொலைச்சா யாரு பாக்கிறது?” என்று கீழே நின்ற அவர் மனைவி ஏசினாள். ஏசிக்கொண்டே கூரையேறினாள். ஏசிக்கொண்டே ஏணியேறினாள். கணவர் தோள்மேல் நின்று, கையோடு கொண்டுவந்த குடத்தைத் தலைமேல் வைத்த பிறகும் ஏச்சு நிற்கவில்லை.

மணி அடிக்கவில்லை.

படுத்திருந்தவர்களுக்குக் கழுத்து வலித்தது. ஒருவர் தலை தூக்கினார். ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். “மணிக்கு என்னய்யா ஆச்சு?” என்று மாவுமில்காரர் எழுந்து நின்று, நெற்றியில் கைவைத்துப் பள்ளியைப் பார்த்தார். தெருவே எழுந்து நின்று பார்த்தது.

கதிரவன் இறங்கினான். நிழல்கள் மைதானத்தின் புல்லைக் கடந்து ஊர்ந்தன.

அப்போது மணி ஒலித்தது.

பக்கத்து வீட்டார் பாய்ந்திறங்கி, இரக்கமேயில்லாமல் கோடு கிழித்தார்கள்.

அவள் ஒவ்வொரு கோடாக அளந்தாள். ஆயிரத்துப் பதினான்கு முழம். நம்பாமல் இரண்டாம் முறையும் அளந்தாள். பிறகு ஆணையை எடுத்துக் குறுக்கே கிழித்தாள்.

கிழிக்கும்போதுதான் தன் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. அளந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தாலும், பள்ளி மணி இருபது நிமிடம் பிந்தி அடித்திருந்தது.

சென்ற ஆண்டுகளில் அது கால் மணி நேரம் முந்தி அடித்ததையும் அவள் அறிவாள். ஒவ்வொரு முறையும் கடிகாரக்காரரிடம்தான் போனாள். “உங்க கடிகாரம்தாம்மா மெதுவா ஓடுது” என்று அவர் முள்ளைத் தள்ளிவைத்துத் தருவார்; கூலி வாங்கமாட்டார். பள்ளிக் கடிகாரத்துக்கு வாரந்தோறும் சாவி கொடுப்பவரும் அவர்தான்.

ஓவிய ஆசிரியரை ஊரைவிட்டு அனுப்பியவை இடிந்த சுவர்கள் மட்டும் அல்ல.

அவள் நிமிர்ந்தாள். ஏணி உச்சியில் அவர் குடையை இன்னும் இறக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

சட்டம் மணியைப் பற்றித்தான் பேசியது. கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவ்விருவர் நிழலின் நுனியைக் குறித்த இடத்தில் முழந்தாளிட்டு, சுண்ணாம்புக்கோட்டை விரல்களால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

ஊரின் ஆக உயர்ந்த இடத்திலிருந்து, ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தினாள் கடிகாரக்காரர் மனைவி.

“நல்லா இரு தாயி. எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்கட்டும்.”