விலை போகாத துப்பாக்கி

ஏலக் கடை மதிப்பீட்டாளர், ஒரு பெண் கொண்டுவந்த பழைய துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தக் காலத்துலயே விலை போகலம்மா. இந்தச் சக்கரத்துல ஒரு குண்டு முன்னால பாத்தா, இன்னொண்ணு சுடுறவரையே பாக்கும். தீப்பொறி தாவினா ரெண்டும் சேர்ந்து வெடிச்சிடும். யாரு வாங்குவா?”

“என் வீட்டுக்காரர் இதாலதான் செத்தார். தற்கொலைன்னாங்க. நான் என்ன குறை வச்சேன்னு பத்து வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்.”

“எதிர்ச் சுவத்துல ஓட்டை இருந்துச்சா?”

“இருந்துச்சு. முதல்ல சுட்டுப் பாத்திருப்பார்னாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப தற்கொலையே இல்லம்மா! எதிர்ல எதையோ குறி வச்சிருக்கார், ரெண்டு குண்டும் சேர்ந்து வெடிச்சிருக்கு. மனசைத் தேத்திக்குங்க. எதிர்ல என்ன இருந்துச்சு?”

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“நான்தான். முதுகைக் காட்டி உக்காந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருந்தேன்.”