மெத்தையில் அந்தப் பக்கம்

"இன்னாம்மா இது, வாராவாரம் இத்தப் பொரட்டிகினு கீறே? மெத்தையா, தோசையா?"

அம்சா சிரித்துக்கொண்டே தன் பக்கத்து முனையைத் தூக்கினாள். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உதவிக்கு வந்திருந்தாள்.

"அப்படிப் போட்டாத்தான் நாள்பட உழைக்கும். செங்கல்பட்டு மெத்தைக்காரர் சொன்னாரு" என்றாள் வச்சலா. "தலைமாட்டக் கால்மாட்டுக்குக் கொண்டு வா. ம், சீக்கிரம்."

"அவரு வாராவாரமா சொன்னாரு?"

வச்சலா விரிப்பை இழுத்து மெத்தைக்கடியில் செருகினாள். காலை பஸ்ஸில் நாத்தனார் ஞானம்பாள் வருகிறாள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. வச்சலாவின் கணவன் பாலசுப்ரமணியன் விடிந்ததுமே சைட்டுக்குப் போய்விட்டான்.

அம்சா போனதும் வச்சலா கதவைச் சாத்தினாள். பாலுவின் தலையணையைக் கொண்டுவந்து தன் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள். ஹாலில் அவன் விரித்துப் படுக்கும் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள்.

இரண்டாவது முறையும் கரு தங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "நீ நிம்மதியாத் தூங்கு" என்று ஹாலுக்குப் போனவன் அவன். ஒரு வருஷமாகியும் திரும்பி வரவில்லை. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை.

ஆனால் இலவம்பஞ்சுக்கு மறைக்கத் தெரியாதே. அவள் படுக்கும் ஜன்னல் பக்கம் அமுங்கிக்கொண்டே போனது, அவன் பக்கம் புதுசு போலவே உப்பிக்கொண்டு நின்றது. வருகிறவர் போகிறவர் கண்ணில் பட்டால் என்ன ஆவது? அதற்குத்தான் இந்த வாராவாரப் புரட்டல்.

அதிலும் இன்று வருகிறவள் ஞானம்பாள். 'ஞானம்பாளும் பக்தவத்சலமும் மாதிரி இருங்க' என்று அவளையும் அவள் கணவரையும் காட்டித்தான் அந்தக் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் வாழ்த்துவார்கள். போன மாதம் அவள் மகள் கல்யாணத்தில், "பாலுவுக்கு வேற எடம் பாக்கலாமா?" என்று யாரோ சமையல்கட்டில் கிசுகிசுத்தது வச்சலாவின் காதில் விழுந்திருந்தது. இப்போது காரணம் ஒன்றும் சொல்லாமல், தனியாக, இரண்டு நாள் தங்க வருகிறாளாம். வேறு எதற்கு?

ரிக்‌ஷா வந்து நின்றது. ரிக்‌ஷாக்காரர் மூச்சு வாங்க ஒரு பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

"ரெண்டு நாளைக்கா அக்கா இவ்வளவு பெரிய பெட்டி?"

"கெடக்கட்டும். மொதல்ல தண்ணி குடு" என்றாள் ஞானம்பாள்.

மீன் குழம்பில் உப்பு கூடிப் போயிருந்தது. ஞானம்பாள் சோற்றை அதிகம் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். "கொஞ்சம் சாயறேன்" என்று எழுந்தவள் நேரே அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்தாள்.

வச்சலா துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். காது முழுக்க அறையில்தான் இருந்தது. கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் உருண்டு படுத்ததுபோல் இன்னொருதரம்.

"வச்சலா, இங்க வா."

ஈரக் கையோடு ஓடினாள். ஞானம்பாள் எழுந்து உட்கார்ந்து மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாலு எந்தப் பக்கம் படுப்பான்?"

"அந்த… அந்த செவுத்துப் பக்கம்க்கா."

"ரெண்டு பக்கமும் பள்ளம் ஒரே அளவா இருக்கே. அவன் ஆறடி ஆளு, நீ என் தோளுக்குத்தான் வருவே. அவன் படுத்த பள்ளம் எங்கடி?"

 வச்சலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு ஹால்லதான் படுக்கறாரு, ஒரு வருஷமா. என்னப் பாத்தா தங்காமப் போன கொழந்தைங்க ஞாபகம் வருதோ என்னவோ. நான் கேக்கல. கேட்டா, ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயம்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேற கல்யாணத்துக்கு மட்டும் அவரக் கேட்டுடாதீங்கக்கா. உங்களக் கும்புடறேன்."

"அதுக்குத்தான் நான் வந்தேன்னு நெனச்சியா?"

ஞானம்பாள் ஜன்னலைப் பார்த்தாள். சவுக்குத் தோப்பில் கடல் காற்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அவள் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"படுத்த உடனே எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நீ கேக்கவே இல்லியே. எங்க வீட்டு மெத்தையிலயும் ரெண்டு பள்ளம் இருக்கு. ரெண்டும் என்னுதுதான்."

வச்சலா அழுவதை மறந்து நிமிர்ந்தாள். "மாமாவுமா தனியாப் படுக்கறாரு?"

"ஆமா, மாமாவும்தான். பொண்ணக் கட்டிக் குடுக்கற வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்."

ஞானம்பாள் கட்டிலை விட்டு இறங்கினாள். பாலுவின் தலையணையைச் சுவர்ப் பக்கம் சரியாக எடுத்து வைத்துவிட்டு, தன் புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"நான் வீட்ட விட்டு வந்துட்டேன், வச்சலா. இனிமே ஹால்ல நான்தான் படுப்பேன்."